தோசைக்கல்லும் முதல் பந்தியும்: விமானத்தில் ஏறும் வரிசை எப்படி இயங்குகிறது?

கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் காலை ஆறரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஏழரைக்கு டிபன் பந்தி. சமையல் மாஸ்டருக்கு முன்னால் கதவுப் பலகை அளவுக்கு ஒரு தோசைக்கல். ஒரு கரண்டி மாவை ஊற்றித் தேய்க்க அவருக்கு 10 நொடி போதும். தோசை வேகத்தான் 2 நிமிடம் ஆகும். ஒன்றை ஊற்றி, அது வெந்து, எடுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தது என்று அவர் வேலை செய்தால் 8 தோசைக்கு 17 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அவர் அப்படிச் செய்வதில்லை. முதல் தோசை வெந்துகொண்டிருக்கும்போதே எட்டையும் ஊற்றி முடித்துவிடுகிறார். மூன்றரை நிமிடத்துக்குள் எட்டும் இலைக்குப் போய்விடுகின்றன.

கையின் வேகம் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். ஒரே நேரத்தில் எத்தனை தோசை வேகின்றன என்பதில்தான் வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு தோசைக்கு நடுவே நாலு விரல் இடம் விட்டுத்தான் அவர் ஊற்றுகிறார். நெருக்கி ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும், தோசைத் திருப்பியை நுழைக்க இடமிருக்காது.

விமானத்தில் பயணிகளை ஏற்றுவதும் இப்படிப்பட்ட வேலைதான். ஆனால் விமான நிறுவனங்கள் அதைப் பந்தி பரிமாறும் வேலையாகவும் சேர்த்து நடத்துகின்றன. கல்லுக்கு ஒரு நியாயம், பந்திக்கு ஒரு நியாயம். போர்டிங் கேட்டில் நாம் நிற்கும் வரிசையில் இந்த இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

தேவையான பொருட்கள்

ஒற்றை நடைவழி உள்ள விமானம் ஒன்று. உள்நாட்டுப் பயணத்தில் நாம் பெரும்பாலும் ஏறும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டும் இந்த ரகம். கணக்குக்கு எளிதாக 30 வரிசை, வரிசைக்கு 6 இருக்கை, மொத்தம் 180 என்று வைத்துக்கொள்வோம்.

நடைவழி, ஒன்றரை அடிக்குச் சற்றே கூடுதலான அகலத்தில். பெட்டியோடு ஒருவர் நின்றால் இன்னொருவர் தாண்ட முடியாது.

பரண், தேவைக்குக் கொஞ்சம் குறைவாக. இருக்கைகளுக்கு மேலே பெட்டி வைப்பதற்கென்று மூடி போட்ட அறைகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் பரண் என்கிறேன்.

கதவு ஒன்று. கிடைத்தால் இரண்டு.

பயணிகள் 180 பேர், கைப்பெட்டிகளோடு.

இனி செய்முறை. கதவைத் திறந்தால் எல்லாரும் நடந்துபோய் உட்கார வேண்டியதுதானே, இதில் என்ன தாமதம்? நடப்பதில் தாமதமில்லை. அது மாவு ஊற்றுவதுபோலச் சட்டென்று முடியும் வேலை. நேரத்தைத் தின்பவை இரண்டு தடைகள்.

முதலாவது பரண் தடை. 7-ஆம் வரிசைக்காரர் நின்று, பெட்டியைத் தூக்கி, இடம் போதாமல் பக்கத்துப் பையை நகர்த்தி, மூடியை அழுத்திச் சாத்தும்வரை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். இரண்டாவது, எழுந்திருக்கும் தடை. நடைவழி ஓரத்தில் ஒருவரும் நடுவில் ஒருவரும் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகு ஜன்னலோரத்துக்காரர் வந்து சிரிக்கிறார். உட்கார்ந்த இருவரும் எழுந்து நடைவழிக்கு வந்து, அவரை உள்ளே விட்டு, திரும்ப உட்கார வேண்டும். இந்த இரண்டு தடைகள்தாம் விமானத்தின் ‘வேகும் நேரம்’. எந்த ஏற்றும் முறையாக இருந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பெட்டி வைக்கிறார்கள்? எத்தனை பேர் எழுந்து வழிவிடுகிறார்கள்?

பின்னாலிருந்து ஏற்றினால் என்ன?

ஊறுகாய் ஜாடியை அடியிலிருந்துதான் நிரப்புகிறோம். விமானத்தையும் வால் பக்கத்திலிருந்து நிரப்புவதுதான் புத்திசாலித்தனம் என்று யாருக்கும் தோன்றும். “26 முதல் 30 வரிசைப் பயணிகள் மட்டும் வரவும்” என்று அறிவிக்கும்போது நாமும் தலையாட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 5 வரிசையில் 30 பேர். பெட்டியோடு நடைவழியில் நிற்கும் ஒருவர் ஏறக்குறைய ஒரு வரிசை நீளத்தை அடைத்துக்கொள்வார். ஆக, அந்த 30 பேரும் உள்ளே வந்தால் வாலில் ஆரம்பித்த வரிசை கதவுவரை நீண்டுவிடும். அவர்களில் தன் இருக்கைக்கு நேரே நிற்கக்கூடியவர்கள் அதிகபட்சம் 5 பேர். மீதி 25 பேர் யாருடைய இருக்கைக்கோ முன்னால் சும்மா நிற்கிறார்கள். 26-ஆம் வரிசைக்காரர் முதலில் வந்துவிட்டாலோ, அந்த 5 பேர்கூடக் கிடையாது. அவருக்குப் பின்னால் வந்த 30-ஆம் வரிசைக்காரரும் காத்திருக்க வேண்டும்.

கல்லின் ஒரு மூலையில் எல்லா மாவையும் கொட்டிவிட்டு, மீதிக் கல்லை வெறுமனே காயவிட்டது போலத்தான் இது. பார்க்க ஒழுங்காக இருக்கும். தோசைதான் வராது.

வானியலாளர் ஊற்றிய தோசை

இதை எண்களால் காட்டியவர் ஜேசன் ஸ்டெஃபன். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆராய்கிற வானியற்பியலாளர். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 2008-இல், விமானத்தில் ஏறும் வரிசையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கையாண்டது மான்டி கார்லோ என்னும் முறை. பெயர்தான் பெரிது, வழி நம் பாட்டிகளுடையது. உப்பைக் கொஞ்சம் கூட்டிப் பார். நன்றாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள், இல்லையென்றால் பழையபடி செய். அவர் கணினிக்குள் ஒரு வரிசையை நிறுத்தினார். அதில் இரண்டு பேரை இடம் மாற்றினார். ஏறும் நேரம் குறைந்தால் புதிய வரிசையை வைத்துக்கொண்டார், கூடினால் பழையதற்குத் திரும்பினார். இதையே கணினி மறுபடி மறுபடி செய்தது.

கடைசியில் நின்ற வரிசை தோசை மாஸ்டருடையதேதான். முதலில் ஒரு பக்கத்து ஜன்னலோரக்காரர்கள், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை: 30, 28, 26 என்று. பிறகு எதிர்ப்பக்கத்து ஜன்னல்கள் அதே கணக்கில். அடுத்து விட்டுப்போன 29, 27, 25 வரிசைகளின் ஜன்னல்கள். அதன் பின் நடு இருக்கைகள், கடைசியில் நடைவழி ஓரங்கள். ஒரே சமயத்தில் விமானம் நெடுகப் பத்துப் பதினைந்து பேர் பெட்டி வைக்கலாம். ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் படாது. நடுவில் விட்ட ஒரு வரிசைதான் மாஸ்டர் விட்ட நாலு விரல் இடம். பின்னாலிருந்து வரிசையாக ஏற்றும் முறையோ அவர் கணக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தைப் பிடித்தது. அதைவிட மோசம், முன்னாலிருந்து ஏற்றுவது மட்டும்.

கணினி சொன்னால் போதுமா? தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜான் ஹாட்ச்கிஸ் என்பவரோடு சேர்ந்து ஸ்டெஃபன் நிஜ மனிதர்களை வைத்தே சோதித்தார். தெற்கு கலிஃபோர்னியாவில் படப்பிடிப்புக்காக வைத்திருந்த ஒரு மாதிரி விமானம், 12 வரிசை, 72 பேர், கையில் பெட்டிகள். 2012-இல் வெளியான முடிவுகள் இவை:

வரிசைகளைத் தொகுதிகளாகப் பிரித்து ஏற்றியபோது: 6 நிமிடம் 54 நொடி.
பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு: 6 நிமிடம் 11 நொடி.
யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும்: 4 நிமிடம் 44 நொடி.
ஜன்னல், நடு, ஓரம் என்ற முறையில்: 4 நிமிடம் 13 நொடி.
ஸ்டெஃபன் முறையில்: 3 நிமிடம் 36 நொடி.

மூன்றாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாத கூட்டம், பின்னாலிருந்து ஒழுங்காக வந்த கூட்டத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் முந்தியிருக்கிறது. காரணம் நமக்கு இப்போது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும் மாவு கல் முழுவதும் பரவலாக விழும். ஒரே மூலையில் குவிப்பதைவிட அது மேல்.

உள்ளே போவது முதலில்

நாலாவது வரியில் இருக்கிறதே, ஜன்னல், நடு, ஓரம், அதற்கு விமானத் துறையில் ‘வில்மா’ என்று பெயர். அந்த மூன்று இருக்கைகளுக்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்.

இதன் தத்துவம் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பின்னால் போக வேண்டிய மாவுப் பாத்திரத்தைக் கடைசியில் கொண்டுவந்தால், முன்னால் வைத்த தயிரையும் குழம்பையும் வெளியே எடுத்து மேடையில் வைத்து, மாவை உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். மாவை முதலிலேயே வைத்துவிட்டால் அந்த வேலை இல்லை. வில்மா முறையில் யாரும் யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டாம். கூடவே, ஜன்னலோரக்காரர்கள் விமானம் நெடுகப் பரவியிருப்பதால் பரண் தடையும் குறைகிறது.

யுனைடெட் ஏர்லைன்ஸ் 2023 அக்டோபர் 26 முதல் சாதாரண வகுப்புக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. 3-ஆம் குழு ஜன்னல், 4-ஆம் குழு நடு, 5-ஆம் குழு ஓரம். ஒரே டிக்கெட்டில் வரும் குடும்பத்தைப் பிரிப்பதில்லை. 2 நிமிடம்வரை மிச்சமாகும் என்பது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. 1 முதல் 5 வரை எண்ணினால் இரண்டு எண்கள் விட்டுப்போனதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 1-ஆம், 2-ஆம் குழுவுக்குப் பந்தியில் வருவோம்.

இதைவிட வேகமான ஸ்டெஃபன் முறையை ஏன் ஒருவரும் கையாளவில்லை? 180 பேரை 180 எண்ணுக்கும் ஒழுங்காக நிறுத்துவதற்குள் விமானம் போய்ச் சேர்ந்திருக்கும். அம்மா ஜன்னலோரம், நாலு வயதுப் பிள்ளை நடு இருக்கை என்றால் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா முதலில் போக முடியுமா? நம் ஊர்களில் பஸ் வேறு. விமானம் தூரத்தில் நின்றால் கேட்டில் எவ்வளவு அழகாக வரிசை கட்டினாலும் பஸ்ஸுக்குள் ஏறியதும் அது கலைந்துவிடும். கதவு திறக்கும்போது அருகில் நிற்பவர்தான் முதல் ஆள்.

ஆனால் அதே பஸ் பயணத்துக்கு ஒரு லாபமும் உண்டு. ஏணியோ சாய்தளமோ வைத்து ஏற்றும்போது முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறக்கலாம். இரண்டு தோசைக்கல் கிடைத்த மாதிரி. சிறிய விமானங்களில் நிலையத்தோடு இணைந்த பாலம் வழக்கமாக முன்கதவுக்கு மட்டும்தான் வரும். இண்டிகோ நிறுவனம் 2022 ஆகஸ்டில் மூன்று வழியாகப் பயணிகளை இறக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. அது இறங்குவதற்கானது என்றாலும் கணக்கு ஒன்றே. வரிசையை எப்படி அடுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இன்னொரு கதவைத் திறப்பது சில சமயம் சுலபம்.

பரண் நிறைந்த கதை

1970-களில் நிமிடத்துக்கு 20 பேர் விமானத்தில் ஏறினார்கள். 1998 வாக்கில் அது 9 பேர் அளவுக்குக் குறைந்துவிட்டதாகப் போயிங் பொறியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். மக்கள் மேலும் மேலும் பொருட்களைக் கையோடு கொண்டுபோனது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய ஆண்டு 2008. அதுவரை அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் ஒரு பெட்டியைச் சரக்கறைக்குக் காசில்லாமல் அனுப்பலாம் என்பதுதான் பெரிய நிறுவனங்களின் வழக்கம். எரிபொருள் விலை ஏறிய அந்தக் கோடையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்றது. மற்றவர்களில் பெரும்பாலோரும் பின்தொடர்ந்தார்கள். மக்கள் என்ன செய்வார்கள்? கீழே காசு, மேலே இலவசம். பெட்டிகள் பரணுக்கு ஏறின.

விமானம் செய்பவர்கள் பரணைப் பெரிதாக்கினார்கள். போயிங் 737-க்காக வந்த ஒரு புதிய பரணை அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2015-இல் முதலில் பொருத்தியது. பழையதில் 4 பெட்டி வைத்த இடத்தில் இதில் 6 வைக்கலாம். சூத்திரம் நம் வீட்டுத் தட்டு ஸ்டாண்டில் இருப்பதுதான். தட்டைப் படுக்கவைத்தால் இடம் அடைக்கும், நிறுத்திவைத்தால் அடங்கும். பெட்டியையும் பக்கவாட்டில் நிறுத்திவைத்தார்கள்.

இந்தியாவில் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கையில் ஒரு பை, 7 கிலோ என்பது பொதுவான வரம்பு. உள்நாட்டு டிக்கெட்டுகள் பெரும்பாலானவற்றில் 15 கிலோவைச் சரக்கறைக்கு அனுப்பும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. பரண் சண்டை இங்கே அமெரிக்கா அளவுக்கு முற்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் பந்தியில் யார்?

இப்போது பின்கட்டை விட்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவோம். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தெரியும். சாம்பார் வரும், ரசம் வரும், வடை வராது.

முன்னுரிமை ஏறுதலுக்கு மக்கள் ஏன் காசு கொடுக்கிறார்கள்? கால் நீட்ட முடியாத இருக்கையில் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கவா? யாரும் முன்கூட்டியே பறந்துவிடப் போவதில்லை. வடைக்காகத்தான். பரணில் இடம் இருக்கும்போதே போய்விட வேண்டும். கடைசியில் போனால், “இடம் நிறைந்துவிட்டது” என்று பெட்டியைக் கேட்டிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். இறங்கிய ஊரில் அது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்க நிறுவனங்களின் பந்தி வரிசை கிட்டத்தட்ட இப்படி இருக்கும். எல்லாருக்கும் முன்னால், ஏறுவதற்குக் கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள். இவர்களை முன்கூட்டி ஏற்றுவது அங்கே சட்டக் கட்டாயம். கைக்குழந்தையோடு வருபவர்கள், பணியிலிருக்கும் ராணுவத்தினர் ஆகியோருக்கும் இடம் உண்டு. அப்புறம் மாப்பிள்ளை வீட்டார், அதாவது முதல் வகுப்பு. பிறகு பெரிய மொய் எழுதியவர்கள், அதாவது ஆண்டு முழுக்க அதே நிறுவனத்தில் பறக்கும் வாடிக்கையாளர்கள். பிறகு நிறுவனத்தின் பெயர் போட்ட கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள். அதற்கும் பிறகுதான் நம்மைப் போன்றவர்கள். மலிவான அடிப்படைக் கட்டணத்தில் வந்தவர்கள் கடைசிப் பந்தி. யுனைடெட்டில் விட்டுப்போன 1, 2 எண்கள் யாருக்கு என்று புரிந்திருக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2017-இல் 9 குழுவாக அடுக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதே ஆண்டு டிசம்பரில் எண் போட்ட குழுக்களுக்கு மாறியது.

ஐரோப்பாவின் ரயன்ஏர் இந்த வியாபாரத்தைச் சுற்றி வளைக்காமல் செய்கிறது. 2018 நவம்பர் முதல், இருக்கைக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டும் இலவசம். பரணில் வைக்கும் பெட்டி வேண்டுமென்றால் முன்னுரிமைக்குக் காசு கட்ட வேண்டும். விற்பது வரிசையை அல்ல, வடையைத்தான் என்பதை அது மறைக்கவில்லை.

கல்லின் நியாயப்படி பார்த்தால் இந்தப் பந்தி வரிசை தப்பு. முதல் வகுப்பு கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களை முதலில் ஏற்றுவது, ஸ்டெஃபனின் கணக்கில் ஆக மோசமான ‘முன்னாலிருந்து பின்னுக்கு’ முறையில் ஒரு பங்கு. மொய் எழுதியவர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று கல்லுக்குக் கவலை உண்டு, கல்லாவுக்குக் கிடையாது.

வேகத்துக்குப் பேர் போன ஒரு நிறுவனத்தின் கதையே இதற்குச் சாட்சி. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971-இல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கியபோது இருக்கை எண்ணே கொடுக்கவில்லை. முதலில் வந்தவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். 1972-இல் கையில் இருந்த 4 விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. மிச்சம் 3-ஐ வைத்துக்கொண்டு அதே அட்டவணையை ஓட்ட, இறங்கிய விமானத்தை 10 நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள். ஆனால் வேகத்தை எல்லாரும் ரசிப்பதில்லை. மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2014-இல் பல முறைகளைச் சோதித்தபோது, இருக்கை எண்ணே இல்லாத முறைதான் எல்லாவற்றையும்விட வேகமாக முடிந்தது. கலந்துகொண்டவர்கள் ஆகக் குறைந்த திருப்தி மதிப்பெண் கொடுத்ததும் அதற்குத்தான். சவுத்வெஸ்ட் 2024-இல் தன் பயணிகளில் 80 சதவீதம் பேர் இருக்கை எண்ணையே விரும்புவதாகச் சொன்னது. கால் நீட்டக் கூடுதல் இடமுள்ள இருக்கைகளைத் தனி விலைக்கு விற்கும் திட்டமும் கூடவே வந்தது. அதுவரை அங்கே நீடித்த, சரக்கறைக்கு இலவசமாகப் பெட்டி அனுப்பும் சலுகை 2025 மே மாதம் போனது. 2026 ஜனவரி 27-இல் ‘பிடித்த இடத்தில் உட்கார்’ என்ற 54 ஆண்டு வழக்கமும் முடிந்தது. தோசைக்கல்லாக ஆரம்பித்த நிறுவனமும் பந்தி போட ஆரம்பித்துவிட்டது.

இலைக்குப் பின்னால் நிற்பவர்கள்

வடை குறைவு என்று தெரிந்தால் என்ன நடக்கும்? முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாயசத்தை நிம்மதியாகக் குடிக்க முடியாது. விமான நிலையத்திலும் அப்படித்தான். தங்கள் குழுவைக் கூப்பிடும் முன்பே கேட்டை அடைத்துக்கொண்டு நிற்பவர்களை அமெரிக்கர்கள் ‘கேட் பேன்கள்’ என்று கேலி செய்கிறார்கள். முறை வந்தவர் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டும். 2024 இறுதியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 100-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. முறை வருமுன் போர்டிங் பாஸை நீட்டினால் கருவி ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுக்கும். ஆளைத் திருப்பி அனுப்புவார்கள்.

அவர்களைப் பேன் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வடையைக் குறைவாகச் சுட்டுவிட்டு, முதல் பந்திக்கு டோக்கன் விற்றுவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரைத் திட்டுவது என்ன நியாயம்?

இவ்வளவுக்கும் சம்பளம் இல்லாமல் நின்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் விமானப் பணியாளர்களுக்கு மணிக்கணக்குச் சம்பளம், கதவை மூடி விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் ஓடும் என்பது நெடுநாள் வழக்கம். விடிகாலை 3 மணிக்கே காய் நறுக்க வந்தவருக்குப் பந்தி தொடங்கிய நேரத்திலிருந்து கூலி போடுவது மாதிரி. டெல்டா நிறுவனம் 2022 ஜூனில் இதை மாற்றி, பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் தர ஆரம்பித்தது. அதே சமயம் சிறிய விமானங்களில் ஏறுவதற்கான நேரத்தை 35 நிமிடத்திலிருந்து 40 ஆக நீட்டியது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தோசை வெந்துவிட்டாலும் சட்னி அரைபடவில்லை என்றால் இலை காத்திருக்கத்தான் வேண்டும். எரிபொருள் நிரப்புவது, சரக்கறையில் பெட்டிகள் ஏற்றுவது, உணவு ஏற்றுவது எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இவற்றில் ஒன்று தாமதமானால், மக்களை 5 நிமிடம் முன்னால் உட்காரவைத்ததில் லாபம் இல்லை. நிறுவனங்கள் வேகத்தைவிட்டு விற்பனையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கும் அவர்கள் மனத்தில் இருக்கும்.

பருப்பை முதலில் ஏற்று

கல்லும் பந்தியும் ஒத்துப்போகும் இடம் ஒன்றாவது உண்டா? உண்டு.

2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு முயற்சி செய்தது. பரணில் வைக்கப் பெட்டி இல்லாதவர்களை மற்ற பொதுக் குழுக்களுக்கு முன்னால் ஏற்றியது. வேகமானவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், மெதுவானவர்கள் அப்புறம் வரட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐத்தன் பக்மட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2019-இல் இதற்கு நேர்மாறான விடையைக் கண்டார்கள். யார் யாரைத் தடுக்கிறார் என்பதைக் கணக்கிட, கால-வெளியை ஆராயும் இயற்பியலின் வடிவக் கணிதத்தைக் கையாண்டார்கள். மெதுவானவர்களை முதலில் ஏற்றினால், வேகமானவர்களை முதலில் ஏற்றுவதைவிட 28 சதவீதம்வரை நேரம் குறையலாம் என்று வந்தது. மெதுவானவர்கள் எத்தனை சதவீதம், எவ்வளவு மெதுவானவர்கள் என்பதை எப்படி மாற்றினாலும் முடிவு மாறவில்லை.

சமையலறையில் இதை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. வேக நேரமெடுக்கும் பருப்பைத்தான் முதலில் அடுப்பில் ஏற்றுகிறோம். அது வேகும்போதே காய் நறுக்குகிறோம், புளி கரைக்கிறோம். பருப்பைக் கடைசியில் ஏற்றினால் வீடே உட்கார்ந்து அதற்காகக் காத்திருக்கும். விமானத்திலும் அப்படித்தான். மெதுவாகப் பெட்டி வைப்பவர்கள் முதலில் வந்தால், பல வரிசைகளில் பலர் ஒரே நேரத்தில் நிதானமாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வேகமானவர்களுக்கு நடுவே ஒவ்வொருவராக வந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாக வரிசையை நிறுத்துவார்.

அப்படியானால், ஊன்றுகோலோடு வரும் தாத்தாவையும் கைக்குழந்தையோடு வரும் தாயையும் முன்னால் விடுவது நாம் செய்யும் தயவு என்று நினைக்க வேண்டாம். நம் நேரத்தையும் அது மிச்சப்படுத்துகிறது. முன்னுரிமைகளிலேயே கல்லுக்கும் பந்திக்கும் ஒருசேர நியாயமானது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் விலைப்பட்டியல். விலைப்பட்டியல் என்று தெரிந்துகொண்டே காசு கொடுத்தால் தவறில்லை. பரணில் வைக்கும் பெட்டி இல்லாதவர் அந்தக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. அவருக்கு வடை வேண்டாம்.

அடுத்த முறை ஏறும்போது மூன்று காரியம் செய்யுங்கள். கண்ணாடி, போன், புத்தகம் என்று பயணத்தில் வேண்டியதையெல்லாம் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் குழுவைக் கூப்பிடும்வரை நாற்காலியில் இருங்கள். உங்கள் வரிசைக்கு வந்ததும், பையில் எதையாவது தேட வேண்டியிருந்தால் நடைவழியிலிருந்து ஓரடி இருக்கைப் பக்கம் ஒதுங்கி நின்று தேடுங்கள். பின்னால் வருபவர் கடந்து போகட்டும்.